எளிய கோடும் இனிய ஆட்டமும்

விளையாட்டைப் பொழுதுபோக்கு என்று மட்டும் எண்ணிவிடலாகாது. அறிவுக்கும் கற்பனைக்கும் அது ஒரு பயிற்சிக்களம். இன்று கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்பெறும் வீடியோ விளையாட்டுகள் பலவற்றில் படங்கள் மெய்யுலகையே ஒத்து விளங்குகின்றன. படம் எளிமையாக இருப்பின் ஆட்டத்தின் சுவை குறையுமா, கூடுமா என்பது ஆராய்தற்குரிய வினாவாகும்.

விடையை நம் மண்ணிலிருந்தே தொடங்கலாம். ஆடுபுலி ஆட்டத்திற்கு வேண்டுவன தரையில் கீறிய முக்கோணமும், சில குறுக்குக் கோடுகளும், கற்களுமே. 3 கற்கள் புலிகள். 15 கற்கள் ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் கூடி நின்று புலியை நகரவிடாமல் அடைக்கும். கல்லுக்கு வாலுமில்லை, வரியுமில்லை; எனினும் ஆடுவோர் கண்ணுக்கு அது புலியே. நம் செஞ்சி வட்டாரத் தெருக்கூத்தும் இத்தகையதே. இருவர் பிடிக்கும் திரைச்சீலையைத் தவிர வேறு காட்சியமைப்பு அங்கில்லை. போர்க்களத்தைக் காண்போரே தம் மனத்தில் எழுப்பிக்கொள்கின்றனர்.

இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும். 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 'டெட்ரிஸ்' என்னும் ஆட்டத்தை உருவாக்கினார். அவர் கையாண்ட எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதியே இல்லை. எனவே அடைப்புக்குறிகளைக் கொண்டு கட்டங்களை அமைத்தார். நந்நான்கு கட்டங்களாலான ஏழு வடிவங்கள் மேலிருந்து இறங்கும். இடைவெளியின்றி நிரம்பிய வரிசை மறையும். அவ்வளவே ஆட்டம். ஆயினும் அது உலகெங்கும் பரவியது. காரணம் யாது? கண்ணை மயக்கும் பொருள் ஏதுமின்மையால் நிலைமை முழுவதும் ஒரே பார்வையில் விளங்குகிறது. தோற்றவர் திரையைக் குறைகூற இயலாது. தம் கணிப்பையே நொந்துகொண்டு மீண்டும் ஆடுகின்றார்.

எனினும், எளிமை ஒன்றே இன்பம் தந்துவிடாது. விதிகளில் நுட்பமில்லையெனில் எளிய படம் விரைவில் சலிப்பூட்டும். விமானம் செலுத்தும் ஆட்டத்தில் வானும் நிலமும் மெய்போலத் தோன்றுவதே சுவைக்குத் துணை. எனவே, படம் ஆட்டத்தின் கருத்துக்கு ஏவல் செய்ய வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க முடிபு.

இதற்குத் தமிழ்ச் சான்று ஒன்றுண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழுவினர் 2023இல் 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அதன் நாயகி புலம்பெயர்ந்த ஒரு தமிழ்த்தாய். சிதைந்துபோன சமையற்குறிப்பில் விடுபட்டவற்றை ஆடுபவர் ஊகித்து, இட்லி முதலிய உணவுகளைச் சமைக்க வேண்டும். படங்கள் எளிய ஓவியங்களே. ஆனால் தாய்க்கும் மகனுக்கும் இடையே மொழி நழுவும் துயரம் நெஞ்சைத் தொடுகிறது. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு, சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை இதற்கு வழங்கியது.

மாணவச் செல்வங்களே! மெய்போன்ற படத்திற்குப் பெரும்பொருளும் பலர் உழைப்பும் வேண்டும். நல்ல விதிக்கும் நல்ல கதைக்கும் சிந்தனையே முதல். நம் பாட்டனார் கரித்துண்டால் வரைந்த கட்டங்களில் எத்தனையோ ஆட்டங்கள் இன்னும் கணினிக்கு வாராமல் காத்திருக்கின்றன. பெரியோரும் அவற்றை வீண்வேலை என்று ஒதுக்காமல், தாம் அறிந்த விதிகளை இளையோர்க்குச் சொல்லித்தருவாராக. அவ்விதிகள் மறைந்தால் எத்துணை வண்ணப் படமும் அவற்றை மீட்டுத் தாராது.