திராட்சைப் பந்தலுக்கு இரண்டு டிக்கெட்!

கல்யாணமான புதிதில் தம்பதிகள் ஊர் ஊராகப் போகத்தான் செய்கிறார்கள். மறுவீடு, விருந்து, குலதெய்வக் கோவில்... ஆனால் கூடவே எட்டுப் பேர் வருகிறார்கள்! பிறகு குழந்தைக்கு மொட்டையடிக்க ஒரு பிரயாணம். காது குத்த ஒன்று. நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒன்று. ‘நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயாவது போய் வந்தோமா?’ என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். பல வீடுகளில் விடை சொல்ல வேண்டியவர்கள் புன்னகை செய்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

அத்திப்பட்டு மாதிரி ஊரில் இந்தக் குறை இன்னும் கொஞ்சம் அதிகம். “அத்திப்பட்டா? ‘சிட்டிஸன்’ படத்தில் காணாமற் போன ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே!” என்று வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பேசுவார்கள். 2001-ல் வந்த அந்தப் படத்தின் அத்திப்பட்டி கற்பனை ஊர். நம் அத்திப்பட்டு எங்கேயும் போய்விடவில்லை. ஒரு பக்கம் அனல் மின் நிலையம், இன்னொரு பக்கம் காமராஜர் துறைமுகம், நடுவே ஓயாத லாரிகள் என்று பத்திரமாக இருக்கிறது. காணாமற் போவது என்னவோ புருஷனும் மனைவியும் உட்கார்ந்து பேசும் நேரம்தான். அவர் இரவு ஷிப்டு முடிந்து வரும்போது அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பாள். அவள் ஓய்ந்து உட்காரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். கொடியில் உலரும் துணியில் படியும் தூசியைப் பற்றிப் பேசுவதே அன்றைய சம்பாஷணையாக முடிந்துவிடும்!

மேல்நாடுகளில் இப்படிப்பட்ட தம்பதிகள் இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் திராட்சை விளையும் சீமைக்குப் போய்விடுகிறார்கள். பிரான்ஸில் போர்தோ, அமெரிக்காவில் நாபா பள்ளத்தாக்கு. நம் தேசத்திலும் நாசிக் நகரைச் சுற்றி ஒயின் தயாரிக்கும் தோட்டங்கள் இருக்கின்றன; அங்கே தங்கிச் சுற்றிப் பார்க்க வசதியும் செய்திருக்கிறார்கள். “ஒயினா? சிவ சிவா!” என்று மாமியார் காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம். ஒயினைத் தொடாமலேயே சுற்றிப் பார்க்கத் திராட்சைச் சீமை ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு.

எப்போதும் பழம் தொங்கும் ஊர்

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, அந்தப் பெயரை அந்த வட்டாரத்துப் பழத்துக்கு மட்டுமே உபயோகிக்கலாம். இந்த ரகத்துக்கு விவசாய சாஸ்திரத்தில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். கறுப்பும் ஊதாவும் கலந்த நிறம். வாயில் போட்டால் பன்னீர் தெளித்தாற் போல் ஒரு வாசனை.

நாசிக் பக்கம் திராட்சைக்கு ஒரே ஒரு பருவந்தான். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. கம்பத்தில் வருஷம் முழுவதும் அறுவடை உண்டு. காரணம் சுலபமானது. கொடியைக் கவாத்து செய்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிட்டு, ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம். எல்லோரும் ஒரே நாளில் கவாத்து செய்வதில்லை. ஒரு தோட்டத்தில் கொடி மொட்டையாக நிற்கும். அடுத்த தோட்டத்தில் பிஞ்சு. அதற்கடுத்ததில் குலை குலையாகப் பழம். நீங்கள் எந்த மாதத்தில் போனாலும் ஏதாவதொரு பந்தல் உங்களுக்காகக் காத்திருக்கும்.

கல்தூண் நட்டு, மேலே கம்பி வலை பின்னி, அதில் கொடியைப் படர விட்டிருப்பார்கள். வெளியில் வெயில் கொளுத்தினாலும் பந்தலுக்குள் குளுகுளு நிழல். கொஞ்சம் உயரமானவராக இருந்தால் உங்கள் வீட்டுக்காரர் குனிந்துதான் நடக்க வேண்டும். வருஷக் கணக்காக நிமிர்ந்தே நடந்தவரை ஒரு மணி நேரம் தலை குனிய வைப்பதும் ஒரு சந்தோஷந்தானே!

ரயில் ஏறுவது எப்படி?

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்குச் சென்ற மீட்டர் கேஜ் ரயிலை 2010 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். பாதையை அகலமாக்கி, 2022-ல் தேனி வரையிலும், 2023-ல் போடி வரையிலும் மறுபடி ரயில் விட்டார்கள். அதோடு சென்னை சென்ட்ரலிலிருந்தே போடிக்கு வாரத்தில் மூன்று நாள் ஓர் இரவு ரயிலும் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை இரவு ஏறினால் சனிக்கிழமை காலையில் தேனியில் இறங்கலாம். ஞாயிறு இரவு திரும்பி ஏறினால் திங்கள் காலையில் சென்ட்ரல். ரயில் நாளும் நேரமும் மாறக்கூடும். டிக்கெட் எடுக்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அத்திப்பட்டு புதுநகரிலோ அத்திப்பட்டிலோ புறநகர் ரயிலைப் பிடித்தால் நேரே சென்ட்ரலில் இறங்கலாம். ஆனால் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயிலைக் கடைசி நேரத்துக்கு நம்ப வேண்டாம். நடுவழியில் நின்றுகொண்டு சரக்கு வண்டிக்கு வழி விடும். உங்கள் இருதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். புளியோதரைப் பொட்டலத்தைச் சென்ட்ரலிலேயே பிரித்து, நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இரண்டு நாள், இரண்டு பேர்

சனிக்கிழமை: தேனியிலிருந்து கம்பத்துக்குச் சுமார் 40 கிலோ மீட்டர். அடிக்கடி பஸ் உண்டு. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று வழியெல்லாம் வயலும் தென்னையும் வாழையுமாக வந்துகொண்டே இருக்கும். ஜன்னலோரத்தை யாருக்கு என்று சண்டை போட வேண்டாம்; போகும்போது அவளுக்கு, வரும்போது அவருக்கு. கம்பத்தில் அறை எடுத்துக் குளித்துவிட்டு மாலையில் சுருளிப்பட்டிக்குப் போங்கள். சாலையோரத்திலேயே திராட்சைத் தோட்டங்கள். அங்கேயே பழமும் ரசமும் விற்கிறார்கள். கேட்டுக்கொண்டு உள்ளே போகலாம். கேட்காமல் ஒரு பழத்தையும் தொடக் கூடாது. மருந்து தெளித்திருப்பார்கள், கழுவாமல் வாயில் போடவும் கூடாது.

ஞாயிறு: காலையில் சுருளி அருவி. வெள்ளம் வந்தாலும் யானை நடமாட்டம் இருந்தாலும் வனத்துறையார் குளிக்க விடமாட்டார்கள், முன்கூட்டியே விசாரியுங்கள். பிறகு கூடலூர் வழியாக லோயர் கேம்ப். அங்கே கர்னல் பென்னிகுயிக்குக்கு 2013-ல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றுக்கு அவர் அணை கட்டினார். 1895-ல் அது முடிந்தது. மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்டார்கள். இந்தப் பள்ளத்தாக்கு பச்சையாக இருப்பதற்கு அந்தத் தண்ணீர்தான் பெரிய காரணம். மாலையில் தேனிக்குத் திரும்பி ரயில் ஏறலாம். தேக்கடி, மேகமலை, வைகை அணை என்று ஆசை நீளும். வேண்டாம்! எல்லாவற்றையும் பார்க்கப் புறப்பட்டால் ஒருவரையொருவர் பார்க்க நேரம் இராது.

மழைக்காலத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மழையில் பழம் வெடித்து அழுகிவிடும்; கொடியில் நோய் பற்றும். அந்த மாதிரி சமயத்தில் தோட்டக்காரர் முகத்தில் சிரிப்பைத் தேடுவது நியாயமில்லை. நாம் நிழலில் உலாவும் பந்தல் அவர்களுக்குக் கடன் வாங்கி வைத்த முதல். பன்னீர் திராட்சையின் தோல் மெல்லியது. பறித்தால் நாள் தாங்காது. வந்த விலைக்கு விற்க வேண்டியதுதான். ஆகவே காலணாவுக்குப் பேரம் பேசாமல் இரண்டு கிலோவாவது வாங்குங்கள். அகலமான அட்டைப் பெட்டியில் ஒரே அடுக்காக வைத்து, மேலே காகிதம் போட்டு எடுத்து வந்தால் வீடு வரை நசுங்காது.

சம்மதம் வாங்கும் கலை

இதெல்லாம் இருக்கட்டும், “வீட்டில் எப்படிச் சொல்வது?” என்றுதானே கேட்கிறீர்கள்? பொய் சொல்ல வேண்டாம். ‘நேர்த்திக்கடன்’ என்று ஆரம்பித்தால் கூட வர நாலு பேர் தயாராகிவிடுவார்கள்! “அத்தை, இரண்டு நாள் நாங்கள் ரெண்டு பேரும் போய்விட்டு வருகிறோம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். அவருக்கும் ஒரு காலத்தில் இந்த ஆசை இருந்திருக்கும். கேட்க வழி இருந்திராது. மாவை அரைத்து வையுங்கள். மாத்திரையை வேளைவாரியாகப் பிரித்து வையுங்கள். திரும்பியதும், அவர் பெண் வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வர நீங்களே டிக்கெட் எடுத்துக் கொடுங்கள்.

பணத்துக்கு ஆறு மாதம் முன்பே அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா வைத்துவிடுங்கள். அதில் அவரும் போட வேண்டும். மனைவி மட்டும் மிச்சம் பிடித்துப் போகிற பிரயாணத்தில் புருஷன் விருந்தாளியாகிவிடுவார்.

புறப்பட்ட பிறகு இரண்டு விதிகள். ஒன்று, வீட்டுக்குப் போன் காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. இரண்டு, கடன் பாக்கி, கொழுந்தனார் விவகாரம், பையனின் கணக்கு மார்க் ஆகிய மூன்றுக்கும் ரயிலில் இடம் கிடையாது. முதல் ஒரு மணி நேரம் பேச விஷயமே இல்லாதது போல் இருக்கும். பயப்படாதீர்கள், அது பழக்கமின்மைதான். சும்மா இருங்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு தானாக வரும்.

கூடலூருக்கு மேலே, மலையுச்சியில் மங்கலதேவிக் கண்ணகி கோவில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமியன்று ஒரே ஒரு நாள்தான் அங்கே செல்ல அனுமதி. கோவலனை இழந்த கண்ணகி அந்த மலையில்தான் மறுபடி அவனோடு சேர்ந்து விண்ணுலகம் போனாள் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ஒன்றாக இருக்க அவள் மலையேற வேண்டியிருந்தது, பாவம்! நமக்கோ ரயில் ஏறினாலே போதும். அடுத்த ஷிப்டு அட்டவணை வந்ததும் இருவருமாக உட்கார்ந்து காலண்டரில் ஒரு வெள்ளிக்கிழமையைச் சுழித்து வையுங்கள்.