நல்ல தண்ணீரில் வளரும் மலேரியா

சென்னையில் கொசுத் தொல்லை என்றாலே எல்லோரும் கைகாட்டுவது கூவத்தையும் சாக்கடையையும்தான். அங்கே மருந்தடித்துத் தெருவில் புகையும் போட்டுவிட்டால் மலேரியாவும் ஒழிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாக்கடையில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு. அது யானைக்கால் நோயைப் பரப்பும். மனிதருக்கு வரும் மலேரியாவைப் பரப்பாது. நகரத்து மலேரியாவைச் சுமக்கும் அனாபிலஸ் ஸ்டீபன்சி தேடிப்போய் முட்டையிடுவது நல்ல தண்ணீரில்: கிணறு, மாடித் தொட்டி, கட்டட வேலைக்குத் தேக்கிய நீர். தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாலே புழுவை இனம் காணலாம். கியூலெக்ஸ் புழு வால்முனையிலுள்ள சுவாசக் குழாயை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அனாபிலஸ் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது. நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடையாகப் படுத்திருக்கும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஒன்றரை வாரம் போதும். தெருவில் போடும் புகை மூன்றாவது மாடித் தொட்டியில் கிடக்கும் அந்தப் புழுவை என்ன செய்துவிடும்?

அப்படியானால் தொட்டியை மூடாத வீட்டுக்காரர்தானே குற்றவாளி என்று கேட்கலாம். பாதிதான் உண்மை. குழாயில் எந்நேரமும் தண்ணீர் வந்தால் யாரும் டிரம் டிரம்மாகப் பிடித்து வைக்கப்போவதில்லை. முறைவைத்துத் தண்ணீர் விடும் ஊரில் சேமிப்பது பிழைப்புக்கான வழி. பல கட்டடங்களில் தொட்டிக்கு ஏற ஏணியே இல்லை. மூடி உடைந்தது கீழே இருப்பவருக்குத் தெரிவதில்லை. மூடி சரியாக இருந்தாலும், வலை கட்டாத வழிகுழாய் வழியே கொசு நுழைந்துவிடும். கிணற்றில் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாம். மாடித் தொட்டிக்கு அது தோதுப்படாது. ஆகவே குடிநீர் விநியோகமும் கட்டட விதியும் மலேரியா ஒழிப்பின் அங்கங்கள் என்றே நான் கருதுகிறேன். வீட்டுக்காரருக்கு அனுப்பும் அபராத நோட்டீஸ் அவற்றுக்கு ஈடாகாது.

மலேரியாதான் வெகுவாகக் குறைந்துவிட்டதே, இன்னும் ஏன் இந்தக் கவலை என்பது அடுத்த கேள்வி. குறைந்தது உண்மை, பெருமைப்பட வேண்டியதும்கூட. ஆனால் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியைப் பாருங்கள். தெற்காசியாவுக்குப் பழக்கமான இந்த ஸ்டீபன்சி கொசு 2012-ல் அந்தத் துறைமுக நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அவ்வாண்டு அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020-ல் 73,000-க்கும் மேல். முழுப் பழியையும் ஒரு கொசுவின் மேல் போட முடியாதுதான். ஆனாலும் ஆப்பிரிக்காவின் வழக்கமான மலேரியா கொசுக்கள் கிராமத்து மழைக்குட்டைகளை நாடுபவை. நகரத்துத் தொட்டியிலேயே குடியேறும் இது வந்த பிறகுதான் நிலைமை தலைகீழானது. இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடாகச் சான்று பெற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் ஸ்டீபன்சி தென்பட்டது. அங்கும் புழுக்கள் கிடைத்தது வீட்டுப் பயன்பாட்டுக் கிணறுகளில். நோய் இல்லாத ஊரிலும் கிணறு கிணறாக எட்டிப் பார்க்கும் வேலையை அங்குள்ள மலேரியா தடுப்புப் பணியாளர்கள் உடனே தொடங்கினார்கள்.