மழைக்காலமும் சலவைத் துணியும்

ஜூலை மாதத்து மும்பையில் ஒரு காலைப்பொழுது. இரண்டு நாட்களாக அறைக்குள் கொடியில் தொங்கிய சட்டையை ஒருவர் எடுத்துத் தொட்டுப் பார்க்கிறார், காய்ந்திருக்கிறது. முகர்ந்து பார்க்கிறார், சோப்புத் தூளின் நறுமணமே வீசுகிறது. அதை அணிந்துகொண்டு அலுவலகம் புறப்படுகிறார். மின்சார ரயிலின் நெரிசலில் அரைமணி நேரம் நின்றதும் உடல் வியர்த்துச் சட்டை சற்றே நனைகிறது. உடனே அதிலிருந்து ஊறிப்போன துணியின் வாடை எழுகிறது. பக்கத்தில் நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அழுக்குத் துணி நாறினால் அதில் வியப்பில்லை. துவைத்த துணி நாறுவதோ பெரும் வெட்கத்தைத் தருவது. மாலையில் அவர் வீடு திரும்பியதும் குற்றம் யார் தலையிலேனும் விழுகிறது. துவைத்த மனைவி, வேலைக்கு வரும் அம்மாள், சோப்புத் தூள், சலவை இயந்திரம் என ஒவ்வொன்றாகப் பழி சுமத்தப்படுகிறது.

ஆராய்ந்து பார்த்தால், துணியிலே தங்கிய ஈரமும் அந்த ஈரத்திலே பெருகிய நுண்ணுயிர்களுமே இதற்குக் காரணம் என்பது விளங்கும். இதை அறியாத நாம், ஒரு கரண்டி தூள் போடும் இடத்தில் மறுநாள் இரண்டு கரண்டி போடுகிறோம். மணமூட்டும் திரவத்தையும் தாராளமாக ஊற்றுகிறோம். இவை இரண்டும் நாற்றத்தைப் போக்குவதற்குப் பதிலாக வளர்க்கவே செய்கின்றன. அது எங்ஙனம் என்பதைப் பார்ப்போம்.

புதிதாகச் சுரந்த வியர்வைக்குப் பெரும்பாலும் மணம் இல்லை. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள பொருள்களைச் சிதைக்கும்போதே வாடை பிறக்கிறது. சட்டையின் கழுத்துப் பட்டியிலும் அக்குள் பகுதியிலும், உடல் துடைக்கும் துண்டிலும் இப்பொருள்களும் தோலின் எண்ணெய்ப் பசையும் படிகின்றன. குளிர்ந்த நீரில் துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியும் அழுக்கு நீங்கிவிடலாம். ஆயினும் எண்ணெய்ப் பசையின் மெல்லிய படலமும், நுண்ணுயிர்களில் ஒரு பகுதியும் இழைகளிலேயே தங்கிவிடுகின்றன.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதைத் தெளிவாக்கிற்று. துவைத்த பின்னரும் ஈரவாடை வீசிய துணிகளை அவர்கள் ஆராய்ந்து, மோரக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்னும் பாக்டீரியா அவ்வாடைக்கு முக்கியக் காரணம் என்று கண்டனர். அது உண்டாக்கும் ஒருவகைக் கொழுப்பு அமிலமே நம் மூக்கை வருத்துகிறது. உலர்ச்சியையும் புற ஊதாக் கதிர்களையும் நன்கு தாங்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆதலால் துணி காய்ந்ததும் அது முற்றிலும் மடிந்துவிடுவதில்லை. உறங்கிக் கிடக்கிறது எனலாம். வியர்வையோ மழைத்துளியோ பட்டவுடன் மீண்டும் விழித்துக்கொள்கிறது. ரயிலில் நின்றவரின் சட்டையில் நிகழ்ந்தது இதுவே. அச்சட்டை பாலியஸ்டர் இழையால் ஆனதாக இருந்தால் தொல்லை இன்னும் மிகும். வியர்வை படிந்த பருத்தி ஆடையைவிடப் பாலியஸ்டர் ஆடை மிகுதியாக நாறுவதை பெல்ஜியத்து ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

மழைக்காலத்தில் மட்டும் இத்தொல்லை ஏன் பெருகுகிறது? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏழு கிலோ பருத்தித் துணியை இயந்திரம் நன்றாகச் சுழற்றிப் பிழிந்தாலும், சுமார் மூன்றரை லிட்டர் நீர் அதில் எஞ்சியிருக்கும். இந்த நீர் முழுவதும் காற்றிலே கலந்தாக வேண்டும். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். வெப்பம் 28 டிகிரி செல்சியஸ். காற்றின் ஈரப்பதம் 85 சதவிகிதம். அந்த அறையின் காற்று இன்னும் ஏற்றுக்கொள்ளக்கூடிய நீர் சுமார் 115 கிராம் மட்டுமே. அதாவது, அவ்வளவு துணியும் உலர வேண்டுமானால் அறையின் காற்று முழுவதும் ஏறத்தாழ முப்பது முறை வெளியேறிப் புதுக்காற்று உள்ளே வரவேண்டும். ஜன்னலை அடைத்துவிட்டுக் கொடியில் துணியை நெருக்கமாகப் போட்டால் என்ன ஆகும்? துணி மணிக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். எஞ்சிய ஈரம் சுவரில் ஏறும். சுவரில் பூஞ்சை படரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, பூஞ்சை படர்ந்த அறை மூச்சுத் தொல்லையை மிகுவிக்கக்கூடியது. ஆகவே இது மூக்கைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. நெஞ்சைப் பற்றிய செய்தியும் ஆகும்.

நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தனர். மும்பையில் மகாலட்சுமி ரயில் நிலையத்துக்கு அருகே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்த பெரிய சலவைத் துறையை அந்நகருக்குச் சென்றவர்கள் பார்த்திருப்பார்கள். இன்று அங்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆயினும் தொழிலின் பழைய முறை நினைவில் வைக்கத்தக்கது. துணியை உவர்மண் கரைத்த நீரில் நனைத்து, கொதிக்கும் தாழியின் மேல் அடுக்கி, நீராவியிலே வேகவைப்பார்கள். தமிழில் இதனை வெள்ளாவி என்றும், வடநாட்டில் பட்டி என்றும் வழங்குவர். பின்னர்க் கல்லில் அடித்து அலசி, திறந்த வெளியில் உலர்த்துவர். உவர்மண்ணிலுள்ள காரம் எண்ணெய்ப் பசையைக் கரைத்தது. ஆவியின் வெப்பம் நுண்ணுயிர்களைக் கொன்றது. வெயிலும் காற்றும் ஈரத்தை விரைவில் போக்கின. காரம், வெப்பம், உலர்ச்சி ஆகிய மூன்றும் ஒன்றுகூடின. நாமோ குளிர்ந்த நீரில் துவைத்து, மூடிய அறையில் உலர்த்தி, இம்மூன்றுக்கும் ஈடாக வாசனையை நாடுகிறோம்.

இனிச் சலவை இயந்திரத்துக்கு வருவோம். நாள்தோறும் சோப்பு நீர் ஓடும் பாத்திரம் எவ்வாறு அழுக்காகும் என்று பலர் எண்ணுகின்றனர். நாம் காண்பது துளைகளுள்ள உள் உருளையை மட்டுமே. அதனைச் சூழ்ந்து, நம் கண்ணுக்குப் புலப்படாத வெளித் தொட்டி ஒன்று உண்டு. கரையாத தூள், துணியின் நூற்பிசிறு, தோலின் எண்ணெய் ஆகியவை அத்தொட்டியின் சுவரில் வழவழப்பான படலமாகப் படிகின்றன. முன்பக்கம் கதவுள்ள இயந்திரமாயின் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பிலும் நீர் தேங்கும். நுண்ணுயிர்கள் குடியேற இவற்றைவிட வசதியான இடம் வேறில்லை. தேவைக்கு மிஞ்சிய தூளைப் போட்டால் அது முழுவதும் அலசப்படாமல் இப்படலத்துக்கே உணவாகிறது. துணியை மென்மையாக்கும் திரவமும் இழைகளின் மேல் கொழுப்புத் தன்மையுள்ள பூச்சாகப் படிகிறது. துண்டுகள் நீரை உறிஞ்சும் திறனைக் குறைக்கிறது. மணத்துக்காக ஊற்றியதே நாற்றத்துக்கு இடம் தருவது இவ்வாறுதான்.

நீரின் தன்மையும் கவனிக்கத்தக்கது. ஏரிகளிலிருந்து மும்பைக்கு வரும் நீர் பெரும்பாலும் மென்னீர். ராஜஸ்தான், குஜராத் போன்ற மாநிலங்களின் பல இடங்களில் நிலத்தடி நீர் கடின நீராக இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் குடிநீரின் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்னும் அளவை விதித்துள்ளது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை இசைவளிக்கிறது. அத்தகைய நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத கசடாகின்றன. நீரைச் சூடாக்கும் கம்பியின் மேல் சுண்ணாம்புப் படிவு ஏறுகிறது. கடின நீருள்ள ஊரில் தூள் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும். மென்னீருள்ள ஊரில் அதே அளவைப் போடுவது வீண். உறையில் அச்சிட்டுள்ள அளவைப் படித்து, நீருக்கும் துணியின் எடைக்கும் ஏற்ப அளந்து போடுதல் நலம்.

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். வியர்த்த ஆடையை ஈரத்தோடு கூடையில் சுருட்டிப் போடலாகாது; கொடியில் விரித்து உலரவிட்டுப் பின்னர்க் கூடையில் இடவேண்டும். சலவை முடிந்தவுடன் துணியை எடுத்துவிட வேண்டும். இரவு முழுவதும் மூடிய இயந்திரத்தில் கிடந்த துணியை மறுபடியும் துவைப்பதே முறை. மழைக்காலத்தில் ஒரே நாளில் பெருஞ்சலவை செய்யாமல், சிறிது சிறிதாகத் துவைக்கலாம். கொடியில் துணிக்குத் துணி இடைவெளி விட்டு, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட வேண்டும். ஓரளவு உலர்ந்ததும் இஸ்திரி போட்டால், எஞ்சிய ஈரமும் நீங்கும், வெப்பமும் கிடைக்கும்.

நாற்றம் ஏறிவிட்ட பருத்தித் துண்டுகளையும் விரிப்புகளையும் வெந்நீரில் சலவைச் சோடா கரைத்துச் சிறிது நேரம் ஊறவைத்து, 60 டிகிரி வெப்பத்தில் துவைத்து, நன்றாக அலசலாம். பட்டு, கம்பளி ஆகியவற்றுக்கு இம்முறை ஆகாது. காரமும் வெப்பமும் அவற்றைக் கெடுத்துவிடும். சாயம் போகும் துணிகளுக்கும் எச்சரிக்கை தேவை.

இயந்திரத்துக்கு மாதம் ஒருமுறை துணியில்லாமல் வெந்நீர்ச் சுற்று ஓட்டுவது நல்லது. தூளிடும் பெட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும்; நூற்பிசிறு சேரும் வடிகட்டியைத் துப்புரவு செய்ய வேண்டும்; ரப்பர் மடிப்பை ஒவ்வொரு சலவைக்குப் பின்னும் துடைக்க வேண்டும். பிறகு கதவைச் சற்றே திறந்து வைத்தால் உட்புறம் உலரும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அவர்கள் உள்ளே நுழையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு செய்தும் நாற்றம் போகாவிடில், கழிவுநீர்க் குழாயைப் பாருங்கள். சாக்கடையின் வாடை அவ்வழியே மேலேறி வருவதும் உண்டு.

ஈண்டு இரண்டு எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புப் படிவைப் போக்கச் சிலர் எலுமிச்சை உப்பை இடுகின்றனர். கிருமியைக் கொல்லச் சிலர் பிளீச்சிங் நீரை ஊற்றுகின்றனர். இரண்டையும் சேர்த்து இட்டால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். வினிகரும், கழிவறை கழுவும் அமிலமும் பிளீச்சிங்குடன் கலந்தாலும் அதே விபத்துதான். காற்றோட்டமில்லாத சிறு குளியலறையில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். எதை இடுவதாயினும் ஒன்றை மட்டும், இயந்திரத்தின் கையேடு அனுமதித்தபடி இடுக. மற்றொன்று, நாப்தலீன் என்னும் அந்துருண்டை. அது பூச்சியை விரட்டுவதற்கேயன்றி ஈரவாடையைப் போக்குவதற்கு அன்று. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள பச்சிளங் குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை அழித்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். குழந்தையின் துணிகளுக்கு நடுவே அதை வைக்கவே கூடாது.

ஆகவே, அடுத்த முறை துவைத்த சட்டை நாறினால், வீட்டிலுள்ளவர்களைக் கடிந்துகொள்வதற்கு முன் நாமே சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். அது உலர எத்தனை மணி நேரம் ஆயிற்று? கொடியில் காற்று ஓடியதா? இயந்திரத்தின் கதவு மூடிக் கிடந்ததா? தூளை அளந்து போட்டோமா? பெரும்பாலும் இவற்றுள் ஒன்றிலேயே விடை கிடைத்துவிடும். அந்த விடைக்குச் செலவும் அதிகம் இல்லை. திறந்த ஜன்னலும், ஓடும் விசிறியும், சிறிது கவனமும் போதும்.