பாமினியில் சிக்கிய முறைப்பாடுகள்: பழைய கோப்பை மீட்பது எப்படி?

"தம்பி, இதுல ஒண்ணுமே இல்லையாம். கடையில போட்டுப் பாத்துட்டு வைரஸ் அடிச்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க."

டிக்கோயா பக்கமுள்ள ஒரு தோட்டத்தில், லயத்து வாசலில் வைத்து அந்தப் பென் டிரைவை என்னிடம் தந்தார் பெரியம்மா. உறவு முறையில் பெரியம்மா இல்லை, சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவருடைய அண்ணன் 1977 வன்முறைக்குப் பிறகு குடும்பத்தோடு கிளிநொச்சிக்குப் போனவர். மலையகத்திலிருந்து வன்னிக்கு அப்படிப் போன குடும்பங்கள் ஏராளம். அண்ணனின் மகன் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டார். அண்ணனும் அண்ணியும் இன்று உயிரோடு இல்லை. அவனைத் தேட இருப்பது அத்தை மட்டும்தான்.

காணாமல்போனோர் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழு 2013 ஆகஸ்டில் நியமிக்கப்பட்டது. அதற்கு அனுப்பிய முறைப்பாட்டை ஹட்டனில் ஒரு கொமியுனிகேஷனில் கொடுத்துத்தான் தட்டச்சு செய்தார். கையிலிருந்த பிரதி கூரை ஒழுகி நனைந்து போனது. மிஞ்சியது பென் டிரைவில் உள்ள கோப்பு. இப்போது பழைய முறைப்பாட்டின் பிரதியைக் கேட்கிறார்கள். பேத்தியின் லெப்டொப்பில் திறந்தால் வருவது புரியாத ஆங்கில எழுத்துகள்.

நான் திறந்து பார்த்தேன். வைரஸ் இல்லை. கடிதம் முழுமையாக இருந்தது. அந்த லெப்டொப்பில் பாமினி எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

இதே நிலையில் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் எத்தனையோ கோப்புகள் கிடக்கின்றன. காணி விண்ணப்பங்கள், இழப்பீட்டுப் படிவங்கள், கிராம சேவகருக்கு எழுதிய கடிதங்கள், முகாம்களில் எடுத்த பெயர்ப் பட்டியல்கள். 'பழுதாகிவிட்டது' என்று யாராவது சொன்னதும் அழித்துவிடுகிறோம். அழிப்பதற்கு முன் இதைப் படியுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது?

யுனிகோட் பரவுவதற்கு முன்பு கணினிகளில் தமிழுக்குத் தனி இடம் இல்லை. அதனால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்களைச் செய்தார்கள். இலங்கையில் அதிகம் புழங்கியது பாமினி. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகிய ஐந்து குறிகளை. பாமினி இருக்கும் கணினி அதை 'அம்மா' என்று காட்டும். இல்லாத கணினி உள்ளதை உள்ளபடி ஆங்கிலத்தில் காட்டும்.

யுனிகோட்டின் முதல் பதிப்பு 1991இல் வந்தது. அதில் தமிழுக்கெனத் தனி எண்கள் உண்டு. இன்று நாம் கைபேசியில் எழுதுவது அதில்தான். ஆனால், 2010க்குப் பிறகும் எங்கள் ஊர்க் கடைகளில் பாமினிதான் ஓடியது, சில இடங்களில் இன்றும் ஓடுகிறது.

திரையில் தெரிவதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாம்

ஒன்று, சிறிய ஆங்கில எழுத்துகளும் அவற்றின் நடுவே ஏராளமான அரைப்புள்ளிகளும் தெரிந்தால் அது பெரும்பாலும் பாமினி. மெய்யெழுத்தின் புள்ளி பாமினியில் அரைப்புள்ளியின் இடத்தில் இருக்கிறது. அதனால்தான் அத்தனை அரைப்புள்ளிகள்.

இரண்டு, வெறும் கட்டங்கள் தெரிந்தால் அது யுனிகோட். காட்டுவதற்கு எழுத்துரு இல்லை. விண்டோஸ் 8 முதல் 'நிர்மலா' என்ற எழுத்துரு கூடவே வருவதால், புதிய கணினியில் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்று, தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் திரும்பத் திரும்ப வந்தால், யுனிகோட் கோப்பை கணினி தவறாக வாசிக்கிறது. நோட்பேட்டில் 'ஓப்பன்' கொடுத்து, கீழேயுள்ள 'என்கோடிங்' தெரிவில் 'யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுத்துத் திறவுங்கள்.

நான்கு, வரிசையாகக் கேள்விக்குறிகள். யாரோ தவறான முறையில் சேமித்ததால், எழுத்துகளுக்குப் பதில் கேள்விக்குறியே பதிவாகியிருக்கும். நான்கிலும் மீட்க முடியாதது இது ஒன்றுதான். வேறு பிரதி இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.

பாமினிக் கோப்பை மீட்பது எப்படி?

முதலில் கோப்பைப் பிரதி எடுத்து வையுங்கள். மூலக் கோப்பில் எதையும் திருத்திச் சேமிக்க வேண்டாம். பென் டிரைவைச் செருகியதும் 'ஃபோர்மட் செய்யவா' என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்து, பாமினி எழுத்துருக் கோப்பை இணையத்திலிருந்தோ பழைய கணினியிலிருந்தோ எடுத்து, இரட்டைச் சொடுக்குப் போட்டு 'இன்ஸ்டோல்' கொடுங்கள். வேர்ட் கோப்பு எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்திருக்கும். மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும். வராவிட்டால் முழுவதையும் தெரிவு செய்து எழுத்துருவைப் பாமினி என்று மாற்றுங்கள். உடனே ஒரு பிரதி அச்சிட்டு, பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். அலுவலகத்துக்குக் கொடுக்க இது போதும்.

ஆனால், இதோடு நிறுத்தக் கூடாது. பாமினியில் உள்ள பெயரைக் கணினியில் தேட முடியாது. நூறு பேர் கொண்ட பட்டியலில் உங்கள் பிள்ளையின் பெயரைத் தமிழில் அடித்துத் தேடினால், பெயர் அங்கே இருந்தாலும் 'இல்லை' என்றே பதில் வரும். அதனால் யுனிகோட்டுக்கு மாற்ற வேண்டும்.

மாற்றித் தரும் இணையத்தளங்கள் பல உண்டு. சாதாரண கடிதமென்றால் பயன்படுத்தலாம். பெயர், முகாம், சாட்சி விபரங்கள் உள்ள முறைப்பாட்டை முன்பின் தெரியாத தளத்தில் ஒட்டாதீர்கள். சென்னையில் உருவாக்கப்பட்ட 'என்.எச்.எம். கன்வர்ட்டர்' என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாமலே மாற்றலாம்.

மாற்றிய பிறகு கட்டாயம் வாசித்துப் பாருங்கள். பாமினியில் கமாவின் இடத்தில் 'இ' இருக்கிறது. ஆகவே 2,000 என்பது '2இ000' ஆகிவிடும். செய்தித் தளங்களிலேயே இந்தப் பிழையைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்த சொற்களும் அர்த்தமில்லாத தமிழாக மாறியிருக்கும்.

பெரியம்மாவின் கடிதத்திலும் அது நடந்தது. யுனிகோட்டுக்கு மாற்றியதை பேத்தி சத்தமாக வாசித்தாள். அடையாள அட்டை இலக்கம் வந்ததும் பெரியம்மா நிறுத்தினார்.

"கடைசியில 'வீ'ன்னு வரணும் ஆயி. நீ என்ன 'ஏ'ங்கிற?"

பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களுக்குப் பின்னால் வரும் ஆங்கில 'வீ' எழுத்தை மென்பொருள் 'ஏ' ஆக்கியிருந்தது. 'எக்ஸ்' என்றிருந்தால் 'ஓ' ஆகியிருக்கும். நானும் பேத்தியும் கவனிக்கவில்லை. மருமகனின் இலக்கம் பெரியம்மாவுக்கு மனப்பாடம். இப்படி ஒரு எழுத்து மாறினால் அலுவலகப் பதிவுகளில் அவன் வேறு ஆளாகிவிடுவான். பெயர், திகதி, அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் பாமினிப் பிரதியோடு ஒப்பிடாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

திருத்திய கடிதத்தைப் பென் டிரைவிலும் லெப்டொப்பிலும் வைத்தோம். பேத்தியின் மின்னஞ்சலுக்கும் ஒன்று அனுப்பினோம். மூலப் பாமினிக் கோப்பைத் தொடவில்லை, அதில்தான் பழைய திகதி இருக்கிறது. அச்சிட்ட இரண்டு பக்கங்களையும் பெரியம்மா இந்த முறை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.