மொய் நோட்டு வைக்கும் டொரன்ட் கடை!

டொரன்ட்... இந்தப் பேரைச் சொன்னாலே, 'என்ன படம் மச்சி இறக்கின?' என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். ஆனா, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே கதவைச் சாத்திக்கிட்டு, ஆள் பார்த்து உள்ளே விடுகிற ஒரு தனி உலகம் உண்டு. பேரு, பிரைவேட் டிராக்கர்! அப்படி ஒரு டிராக்கரை நடத்துவதற்கென்றே எழுதப்பட்ட வெப் ஃப்ரேம்வொர்க்தான் கெஸல். காசு கிடையாது, சோர்ஸ் கோடு திறந்தே கிடக்கு. வெப் டெவலப்மென்ட் கத்துக்க நினைக்கிறவங்க பிரிச்சு மேய அருமையான மெஷின். வாங்க, பிரிக்கலாம்!

தரகர் கையில் நோட்டு

பிராம் கோஹன் 2001-ல் பிட்டொரன்ட்டை வெளியிட்டார். ஃபைலைத் துண்டு துண்டாக்கி, அவங்கவங்ககிட்ட இருக்கிற துண்டை அடுத்தவங்களுக்குக் கொடுக்கிற ஏற்பாடு அது. இதில் டிராக்கர், கல்யாணத் தரகர் மாதிரி. 'இந்த ஃபைல் இன்னின்னார்கிட்ட இருக்கு, போய்ப் பேசிக்கோ' என்று அட்ரஸ் கொடுப்பதோடு அதன் வேலை முடிஞ்சது. ஃபைல் தரகர் வீட்டில் இருக்காது.

பிரைவேட் டிராக்கரில் தரகர் கையில் ஒரு மொய் நோட்டும் இருக்கும். நீங்க எவ்வளவு எடுத்தீங்க, எவ்வளவு கொடுத்தீங்க என்ற கணக்குதான் 'ரேஷியோ'. 10 ஜிபி எடுத்து 5 ஜிபி கொடுத்தா, ரேஷியோ 0.5. வாங்கின மொய்யைத் திருப்பி வைக்காத சொந்தக்காரரை ஊர் எப்படிப் பார்க்கும்? அதே பார்வைதான் இங்கேயும். ரேஷியோ ரொம்ப இறங்கினா, டவுன்லோடு கட்!

யார் எவ்வளவு கொடுத்தார் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு உறுப்பினருக்கும் 'பாஸ்கீ' என்று ஒரு ரகசிய எண் உண்டு. அவர் இறக்கும் டொரன்ட் ஃபைலில், டிராக்கர் முகவரியோடு அதுவும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஃபைலை நண்பனுக்குத் தூக்கிக் கொடுத்தா, அவன் எடுக்கிறதெல்லாம் உங்க கணக்கில் ஏறும். கூடவே, 'பிரைவேட்' என்ற ஒரு குறியும் ஃபைலுக்குள் இருக்கும். தரகரைத் தாண்டிப் பின்வாசல் வழியா வேறு ஆட்களைத் தேடாதே என்று டொரன்ட் சாஃப்ட்வேருக்குப் போடுகிற கட்டளை அது.

ஒன்று மூட, ஒன்று முளைக்க...

இங்கிலாந்தில் ஆலன் எல்லிஸ் 2004-ல் தொடங்கிய 'ஓயிங்க்', பாட்டுக்கென்றே இருந்த பிரைவேட் டிராக்கர். 2007 அக்டோபரில் போலீஸ் புகுந்து இழுத்து மூடியது. எல்லிஸ் மீது வழக்கு நடந்து, 2010 ஜனவரியில் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்றது. இதற்கிடையே, ஓயிங்க் மூடிய அதே மாசம் 'வாட்.சிடி' முளைத்துவிட்டது. அதன் ஆட்கள் தங்களுக்காக எழுதிக்கொண்ட ஃப்ரேம்வொர்க்தான் கெஸல்.

எப்படிக் கோர்ப்பது?

ஒரு லினக்ஸ் மெஷின், என்ஜின்எக்ஸ், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல். அடிக்கடி கேட்கும் தகவலை மெமரியிலேயே வைத்திருக்க மெம்கேஷ்டு, தேடலுக்கு ஸ்ஃபிங்க்ஸ். தரகர் வேலைக்கு மட்டும் சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எழுதிய 'ஆசிலாட்'.

அது ஏன் தனியா? ஒரு சின்ன கணக்கு. 1,000 பேர், ஆளுக்கு 100 டொரன்ட். ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒரு தடவை கதவைத் தட்டினா, நொடிக்குச் சுமார் 55 தட்டு. வெப் பக்கங்களைக் காட்டுகிற பிஎச்பி தலையிலேயே இதையும் கட்டினா, அதுக்கு மூச்சு வாங்கும். ஆசிலாட் லிஸ்ட்டை மெமரியில் வைத்துக்கொண்டு, கணக்கை மொத்தமாகச் சேர்த்து டேட்டாபேஸில் எழுதும்.

கெஸலோடு வரும் எஸ்க்யூஎல் ஃபைலை டேட்டாபேஸில் ஏற்றுங்கள். மாதிரி கான்ஃபிக் ஃபைலை நகலெடுத்து சைட் முகவரி, பாஸ்வேர்டு, ரகசியச் சொற்களை நிரப்புங்கள். கெஸலிலும் ஆசிலாட்டிலும் டிராக்கர் ரகசியச் சொல் ஒன்றாக இருக்கணும். இல்லைன்னா, ரெண்டும் பேசிக்காது. 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓட வேண்டிய வேலைகளை கிரானில் போடுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம்... புது கெஸலில் முதலில் பதிவு செய்கிறவர்தான் தலைமை அட்மின்! அதனால் கதவைத் திறக்கும் முன்னாடி நீங்க பதிவு பண்ணிடுங்க. அப்புறம், ஒரிஜினல் கோடு பிஎச்பி 5 காலத்தது. புது பிஎச்பியில் முரண்டு பிடிக்கும், பாதுகாப்பும் பழசு. விர்ச்சுவல் மெஷினுக்குள் வைத்துப் பழகுங்கள். நெட்டில் நேரடியா விடாதீங்க. பின்னாளில் மற்றவர்கள் புதுப்பித்த கெஸல் டாக்கரோடு வருவதால், வேலை சுலபம்.

நோட்டை எரித்த நாள்

2016 நவம்பர் 17. வாட்.சிடி திடீரென மூடப்பட்டது. பிரான்ஸில் அதன் சர்வர்களை அதிகாரிகள் கைப்பற்றியதாகச் செய்திகள் வந்தன. உறுப்பினர் விவரம் உட்பட எல்லா டேட்டாவையும் அழித்துவிட்டதாக நடத்தியவர்களே அறிவித்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேலான டொரன்ட்டுகளுக்கான பட்டியல்... எந்தப் பாட்டு, எந்தப் பதிப்பு, யார்கிட்ட என்று பல வருஷமா பலர் பார்த்துப் பார்த்து எழுதிய கணக்கு, ஒரே நாளில் போச்சு. பாட்டுகள் ஆளாளுக்கு ஹார்டு டிஸ்க்கில் கிடந்தன. எது எங்கே என்று சொல்லத்தான் நோட்டு இல்லை.

ஆனா, கெஸல் சாகலை. எழுதியவர்களே மனசார ஊருக்குக் கொடுத்தது அது. யாரும் பிடுங்க முடியாது. பாட்டுகளில் பெரும்பாலானவை அப்படி இல்லை. அந்த அனுமதி இல்லாததுதான் போலீஸை வாசலுக்கு அழைத்து வந்தது. நம்ம ஊரிலும் 1957-ம் வருட பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில், 3 வருஷம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வாசலில் 'பிரைவேட்' என்று போர்டு மாட்டினால் அது மாறிடாது.

அப்போ உள்ளே என்ன வைக்கலாம்? லினக்ஸ் ஐஎஸ்ஓ, உங்க பேண்டின் சொந்தப் பாட்டு, எடுத்தவங்க சம்மதம் சொன்ன குறும்படம், சார் அனுமதி கொடுத்த லெக்சர் வீடியோ... ஹாஸ்டல் நெட்வொர்க்கில், காலேஜ் அட்மினிடம் கேட்டுக்கொண்டு, இதையெல்லாம் தாராளமா பகிரலாம்.

மொய் எழுதுங்க பாஸ், தப்பே இல்லை. ஆனா, சொந்தக் காசில் எழுதுங்க!