பொற்கிழியும் பூக்குழியும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயிக்கு நந்தவனம் வைத்து மாலை தொடுத்துவந்தவர் விஷ்ணுசித்தர். அவரைப் பற்றி வைணவ மரபு சொல்லும் கதை பலருக்கும் தெரிந்ததுதான். மதுரையில் பாண்டியன் ஸ்ரீவல்லபனுக்கு மெய்யான பரம்பொருள் எது என்று ஒரு சந்தேகம் வந்தது. விடை சொல்கிறவருக்குப் பரிசு என்று பொற்கிழியைக் கட்டித் தொங்கவிட்டான். பண்டிதர்கள் கூடிய சபையில் விஷ்ணுசித்தர் வேதத்திலிருந்து சான்று காட்டித் திருமாலே பரம்பொருள் என்று நிறுவ, கிழி தானாகத் தாழ்ந்து அவர் கைக்கு வந்தது. அரசன் அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டான். அவர்தான் பெரியாழ்வார்.

மதம் இப்படி வாதப் பிரதிவாதம் கேட்டு, சீர்தூக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்ற எண்ணம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. பட்டிமன்றத்துக்குப் பாய் விரித்து உட்காரும் ஊர்க்காரர்கள் அல்லவா! ஆனால் அதே கதையில், அந்தச் சபையைக் கூட்டச் சொன்னவர் அரசனின் நம்பிக்கைக்குரிய செல்வநம்பி. அவர் ஏற்கெனவே திருமாலடியார். சந்தேகம் வந்ததும் மன்னன் முதலில் கேட்டது பக்கத்தில் இருந்தவரைத்தான். கடந்த அறுபது ஆண்டு ஆராய்ச்சி பொற்கிழியைவிடச் செல்வநம்பியிடமே அதிக அக்கறை காட்டுகிறது.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019 இறுதியிலிருந்து 2020 தொடக்கம் வரை இந்தியாவில் சுமார் 30,000 பேரை நேரில் சந்தித்துக் கேட்டது. எந்த மதத்தில் வளர்ந்தார்களோ அதே மதத்திலேயே இன்றும் இருப்பதாகச் சொன்னவர்கள் 98 சதவீதம். இந்துவாக வளர்ந்து வெளியேறியவர்கள் 0.7 சதவீதம், வேறாக வளர்ந்து இந்துவானவர்கள் 0.8 சதவீதம். மேடைகளில் மதமாற்றம் பற்றி எழும் கூச்சலுக்கும் இந்த எண்களுக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவில் கதை வேறு: பியூவின் 2023-24 ஆய்வில், பெரியவர்களில் 35 சதவீதத்தினர் சிறுவயது மதத்தை விட்டு விலகியிருந்தார்கள்.

ஆக, பெரும்பாலோருக்கு மதம் வீட்டோடு வருகிறது. மாறுகிற சிலர் எப்படி மாறுகிறார்கள்?

1960களின் தொடக்கத்தில் ஜான் லோஃப்லாண்ட், ராட்னி ஸ்டார்க் என்ற இரண்டு ஆய்வு மாணவர்கள் சான்ஃபிரான்சிஸ்கோ பகுதியில் ஒரு சிறு கூட்டத்தைப் பின்தொடர்ந்தார்கள். கொரியாவின் சன் மியுங் மூன் தொடங்கிய புதிய மதத்தின் முதல் அமெரிக்க அடியார்கள் அவர்கள். சொற்பொழிவு, வானொலி, பத்திரிகை எதற்கும் ஆள் சேரவில்லை. சேர்ந்தவர்கள் எல்லாரும் உள்ளே இருந்த யாரோ ஒருவரின் நண்பர், கணவர், அறைத்தோழர். கொள்கை பிடித்திருந்தும் வெளியே உறவு பலமாக இருந்தவர்கள் வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 1965இல் வெளியான அந்த ஆய்வு இன்றும் இத்துறையின் அரிச்சுவடி. சேர்ந்தவர்களிடம் சில காலம் கழித்துக் கேட்டால், கொள்கைதான் தங்களை இழுத்தது என்பார்கள் என்று ஸ்டார்க் பின்னாளில் எழுதினார். பொய் சொல்லவில்லை; ஞாபகம் அப்படித் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

இதைக் கண்டுபிடிக்க சான்ஃபிரான்சிஸ்கோவரை போயிருக்க வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர் எல்லாம் திருநெல்வேலிச் சீமையில் இருந்த காலத்திலேயே இந்தச் சோதனை இங்கு நடந்து முடிந்துவிட்டது.

தெற்கே சாத்தான்குளம் பக்கம் காலன்குடியைச் சேர்ந்த ஒரு நாடார் இளைஞர் தஞ்சாவூர் போய் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் கிறிஸ்தவரானார். டேவிட் சுந்தரானந்தம் என்று பெயர். 1790களின் பிற்பகுதியில் அவர் உபதேசியாராக ஊர் திரும்பியபோது முதலில் போனது சொந்தபந்தங்களின் வீடுகளுக்கு. அங்கிருந்து பற்றியது. அடி, உதை, வீடு எரிப்பு எல்லாம் நடந்தபோது கூடியிருக்க இடம் வேண்டும் என்று 1799இல் முதலூரை உண்டாக்கினார்கள். அடுத்த நூறாண்டில் பனங்காட்டு ஊர்கள் பல, குடும்பம் குடும்பமாக ‘வேதத்தில்’ சேர்ந்தன.

வடக்கே நடந்தது இதற்கு நேர்மாறு. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பெயர் வாங்கிய தாமஸ் ராக்லாண்ட், 1854 முதல் சகாக்களுடன் கூடாரம் அடித்து இந்த வறண்ட கரிசல் வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். 1858இல் சிவகாசியிலேயே இறந்துபோனார். அந்த உழைப்புக்குக் கிடைத்த பலன் மிகக் குறைவு. கூடாரக்காரர் அந்நியர், அவருக்கு அங்கே மாமன் மச்சான் இல்லை.

இங்கே இன்னொன்றும் உண்டு. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர், திருமங்கலம், பாளையம்பட்டி ஆகிய ஆறு ஊர் நாடார்களும் தெற்கத்தி நாடார்கள் பட்ட அவமானங்களைப் பட்டவர்களே. கோயிலுக்குள் விடவில்லை, தேரோடும் வீதியில் ஊர்வலம் போக விடவில்லை. ஆனாலும் பெரும்பாலோர் மதம் மாறவில்லை. அவர்களிடம் உறவின்முறை என்ற சாதிச் சங்கம் இருந்தது. வியாபாரத்தில் மகமை பிரித்து, அந்தப் பணத்தில் கோயிலும் கிணறும் கட்டினார்கள். 1889இல் விருதுநகரில் க்ஷத்ரிய வித்யாசாலாவையும் தொடங்கினார்கள். பிற்காலத்தில் காமராஜர் படித்த பள்ளி அது. தெற்கே பனையேறிக் குடும்பங்களுக்கு மிஷன் கொடுத்த பள்ளிக்கூடம், வழக்குக்குத் துணை, பஞ்சத்துக்குக் கஞ்சி, நாலு பேர் நடுவில் மரியாதை ஆகியவற்றை இங்கே உறவின்முறையே கொடுத்தது. ஒரே சாதி, ஒரே இழிவு, இரண்டு வேறு முடிவுகள். நம்பிக்கை வேறுபாட்டைவிடச் சங்க பலம் இதை நன்றாக விளக்குகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலையோரமாக ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் தாண்டினால் தென்காசி. அந்தப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரி 19 அன்று சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. ஊர் ரஹ்மத் நகர் ஆனது. நாடு முழுக்கப் பேச்சானது. வளைகுடாப் பணம் என்றார்கள். நேரில் போன ஆய்வாளர்களிடம் மக்கள் திரும்பத் திரும்பச் சொன்னதோ தீண்டாமையைப் பற்றி. மாறிய அன்று திடீரென்று ஒரு பிரசங்கியார் வந்து மயக்கவில்லை. ஊருக்குள் நெடுநாள் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. சில குடும்பங்கள் சேராமல் நின்றன. 2002இல் தமிழகத்தில் வந்து 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், ஏமாற்றுகிறவர் ஒருவர், ஏமாறுகிறவர் ஒருவர் என்று எண்ணி எழுதப்பட்டது. மீனாட்சிபுரம் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது.

சுற்றம்தான் எல்லாம் என்றால் மரபணுவுக்கு வேலை இல்லையா? உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இரட்டையரை வைத்து லாரா கீனிக் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயது பக்தியில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 12 சதவீதமே மரபணுவோடு தொடர்புடையதாக இருந்தது. வளர்ந்த பிறகு அது 44 சதவீதம் ஆனது. பெற்றோர் கையைப் பிடித்துக் கோயிலுக்குப் போகும் வயதில் வீட்டு வழக்கமே பேசுகிறது. வீட்டை விட்ட பிறகு சுபாவம் எட்டிப்பார்க்கிறது. பக்தி எவ்வளவு என்பதில்தான் மரபணுவுக்குப் பங்கு. எந்தச் சாமி என்பதில் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சுற்றத்தில் எல்லாரையும் நம்பிவிடுகிறோமா என்றால் அதுவும் கிடையாது. பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிய ஆயிரக்கணக்கானோர் பூக்குழி இறங்குகிறார்கள். ஓரத்தில் அப்பாவின் தோளில் இருந்து பார்க்கும் குழந்தைக்கு அம்மனைப் பற்றி யாரும் தத்துவம் சொல்வதில்லை. பக்கத்து வீட்டு அக்கா நெருப்பில் நடந்து போவதைப் பார்க்கிறது, அவ்வளவுதான். வாயால் சொல்வது இலவசம். தணலில் கால் வைப்பதற்கு விலை உண்டு. நம்பாதவருக்கு அந்த விலை கட்டுபடியாகாது. மனிதமூளை இந்த வித்தியாசத்தைக் கவனித்தே யாரை நம்புவது என்று முடிவு செய்கிறது என்ற கருத்தை ஜோசப் ஹென்ரிக் 2009இல் முன்வைத்தார். பெற்றோர் சொன்னதைச் செய்தும் காட்டிய வீடுகளில் வளர்ந்தவர்கள் கடவுள் நம்பிக்கையோடு இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசத்தில் திமித்ரிஸ் ஜிகலாடாஸ் குழுவினர் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள், சும்மா கூடிப் பிரார்த்தித்தவர்களைவிடக் கோயிலுக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள். வலியை அனுபவிக்காமல் கூடவே நடந்துவந்தவர்களின் கையும் தாராளமாகவே இருந்தது.

தென் தமிழ்நாட்டின் இரண்டு கிராமங்களில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் எலினார் பவர், அவசரத்துக்கு யாரிடம் பணம் கேட்பார்கள், யாரிடம் யோசனை கேட்பார்கள் என்று வீடு வீடாக விசாரித்து வலைப்பின்னல் வரைந்தார். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்த ஊர்கள் அவை. 2017இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, அக்கினியிலும் அலகிலும் நேர்த்திக்கடன் செலுத்தியவர்களை ஊர் பக்திமான்கள் என்று மதித்ததோடு, நல்ல யோசனை சொல்கிறவர்கள், கொடுத்து உதவுகிறவர்கள் என்றும் கருதியது. கைமாற்றுக்கும் ஒத்தாசைக்கும் அவர்களுக்கு ஆள் கூடுதலாக இருந்தது. ஒரு தடவையும் தீயில் இறங்காமல், தவறாமல் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போய்வந்தவர்களுக்கும் அதே வரவு கிடைத்திருந்தது.