வாதி அல்-ஜார்ஃப் துறைமுகம்
எகிப்து, சூயஸ் வளைகுடாவின் மேற்குக் கரை
காலம்: ஏறத்தாழ கி.மு. 2600

கரையிலிருந்து கடலுக்குள் செல்லும் இந்தக் கல் வரிசை ஓர் அலைத்தடுப்புச் சுவர். 200 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள இது சற்றுத் தொலைவில் தென்கிழக்காக வளைகிறது. பெரும்பகுதி நீருக்குள் இருக்கிறது. கரையோரக் கற்களை வற்றத்தின்போது காணலாம். உலகில் இதுவரை அறியப்பட்ட துறைமுகக் கட்டுமானங்களில் மிகப் பழமையானது இதுவே.

வடகாற்றும் அலையும் தாக்காத உள்வளைவில் படகுகள் நின்றன. அங்கே கடலடியில் இருபதுக்கும் மேற்பட்ட கல் நங்கூரங்கள் கிடைத்தன. கயிறு கோக்கத் துளையிட்டவை அவை.

கூஃபு மன்னரின் ஆட்களே இத்துறையை நடத்தினர். இங்கிருந்து எதிர்க்கரையான சீனாய்க்குப் படகில் சென்று செம்பும் நீலப்பச்சைக் கற்களும் கொண்டுவந்தனர். பயணக் காலம் முடிந்ததும் படகுகளைப் பலகை பலகையாகப் பிரித்து, சுமார் 5 கி.மீ. உள்ளே மலையில் குடைந்த அறைகளில் அடுக்கினர். அத்தகைய அறைகள் சுமார் 30 உள்ளன.

அந்த அறைகளின் வாயிலில் 2013-இல் பாப்பிரஸ் சுருள்களின் துண்டுகள் கிடைத்தன. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இவற்றைவிடப் பழையவை இன்றுவரை கிடைக்கவில்லை. மெரர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு அவற்றுள் மிக அரியது. கூஃபு மன்னரின் பெரிய பிரமிடுக்காகத் தூராவில் வெட்டிய வெள்ளைச் சுண்ணாம்புக்கற்களைத் தம் குழுவினர் நைல் வழியே, 'கூஃபுவின் ஏரி' எனப்பட்ட நீர்நிலையைக் கடந்து கீசாவுக்குக் கொண்டுசென்றதை அவர் நாள்தோறும் பதிந்திருக்கிறார். பிரமிடு கட்டும் பணியில் பங்கேற்ற ஒருவரே எழுதிய குறிப்பு இது.